முப்பத்திரண்டில் பிறந்தவர்கள்

"கண்ணுக் கட்டை அவுத்ததும் அந்தம்மா மொதல்ல யாரைப் பாத்துச்சு தெரியுமா? என்னை."

"பாத்துட்டு?"

"'யாரும்மா இவ, இப்படிக் காஞ்சு கெடக்கிறா, உங்க ஆஸ்பத்திரியில சோறு போட மாட்டாங்களா'ன்னு கேட்டுச்சு. டாக்டர்ல இருந்து ஆயா வரைக்கும் ஒரே சிரிப்பு. நான் மட்டும் அழுதுட்டேன்டி."

"சிரிக்கிற எடத்துல அழுறதுக்கு உன்னை விட்டா ஆள் கெடையாது."

"நாலு வருஷமா கண்ணு தெரியாம இருந்த அம்மாடி. நாலு வருஷம் கழிச்சு அது பாக்குற மொத மூஞ்சி என் மூஞ்சி. சின்னத்தாயின்னு பேரு. லிஸ்ட்ல அந்தப் பேரை டைப் அடிச்சது நான். ஆபரேஷனுக்கு வாங்கன்னு கார்டு போட்டது நான். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்கு எப்படிச் சொல்றது!"

சொல்லத் தேவையே இருக்கவில்லை. கிருத்திகாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. லாவண்யாவின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் இஸ்திரிப் பெட்டி துப்பட்டாவின் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். இளநீலத்தில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

"ஐயோ, புதுசாச்சேடி!"

"போனா போகுது. வேற வாங்கிக்கலாம்."

வாங்கிக்கொள்ளலாம்தான். அதுதான் அவளால் முடிந்தது.

இரண்டு பேரும் தொண்ணூற்றேழாம் வருடம் பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கிருத்திகா குடியாத்தம், லாவண்யா கிருஷ்ணகிரி. பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிறகு தொம்மலூர் பழைய ஊருக்குள், முனிராஜ் என்பவரின் வீட்டு மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். கம்பெனியில் வேலை என்று வந்தது ஒரே வேலைதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டே இலக்கம் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறப்பதற்குள் அதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்; பிறந்த பிறகும் மிச்ச வேலை இழுத்துக்கொண்டே போனது. இலட்சக்கணக்கான வரிகள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் வரி வரியாகத் தேதியைத் தேடுவார்கள், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவார்கள். அமெரிக்காவில் இருக்கும் அந்த மனிதர்கள் யார், எப்படி இருப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

பதினான்காவது மாதம் லாவண்யா விட்டுவிட்டாள். ஆஸ்டின் டவுனில் ஒரு அறக்கட்டளை நடத்தும் கண் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்ய ஆள் தேடினார்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு. "பைத்தியமாடி உனக்கு?" என்று கிருத்திகா கேட்டாள். கேட்டபோது அவள் மனதில் இருந்தது அக்கறை என்றுதான் நினைத்திருந்தாள். அன்றே அதற்குள் முள் இருந்ததோ என்னவோ.

கிருத்திகாவால் விட முடியாது. தம்பி பாலகுமார் பணம் கட்டி இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். ஊரில் அப்பா கோவிந்தராஜன் ஞாயிறுதோறும் போனில், "உன்னாலதாம்மா நான் தலை நிமிந்து நடக்கிறேன்" என்பார். சம்பளம் வருடத்துக்கு வருடம் ஏறியது. வீட்டிலிருந்த ஃபிரிட்ஜ் அவளுடையது, டெலிபோன் அவளுடையது, காஸ் இணைப்பும் அவள் பெயரில். அந்த ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்துக்கொண்டே லாவண்யா சின்னத்தாயி கதையைச் சொல்லுவாள்.

கல்யாணங்களில், ரயிலில், பஸ் ஸ்டாப்பில், 'என்ன வேலை செய்யறீங்க' என்று யாராவது கேட்பார்கள். லாவண்யா ஒரு வாக்கியம் சொல்வாள், கேட்டவர் நகர்ந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்பார். கிருத்திகா, "சாஃப்ட்வேர்" என்பாள். அடுத்த கேள்வி, "எவ்ளோ தராங்க?" அதற்கு அடுத்தது, "ஃபாரின் எப்போ?" வேலையைப் பற்றிக் கேட்க மூன்றாவது கேள்வி யாரிடமும் இருந்ததில்லை.

இரண்டாயிரம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லாவண்யா கெஞ்சினாள். "நாளைக்கு ஒரு நாள் வாடி. தேதி விஷயம் உன் கைக்குத் தண்ணி பட்ட பாடு. என் புரோகிராமை ஒரு வாட்டி பாத்துக் குடு."

ஆஸ்டின் டவுன் ஆபீஸ் ஒரு பேக்கரியின் மேலே இருந்தது. படியேறும்போதே பன் வேகும் வாசனை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தரை முழுக்க அட்டைப்பெட்டிகளில் படிவங்கள். எல்லாவற்றையும் நடத்துபவர் ஸ்ரீகண்டன். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா மாநில அரசு வேலையில் இருந்தவர். இவர் பேங்க் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்.

"வாம்மா வா, பாரம்மா பா, பெரிய கம்பெனி ஆளு! எங்க நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், அட்ஜஸ்ட் மாடிக்கொள்ளம்மா" என்று வரவேற்றார். "நம்ம ரூல் சிம்பிள். கண் கேம்ப்ல கண்புரைன்னு எழுதினவங்க நானூறு பேர். வாரத்துக்கு நாப்பது படுக்கை. வயசானவங்களுக்கு முதல்ல. கம்ப்யூட்டர் அந்த வரிசையில கார்டு போடணும். அவ்ளோதான், அஷ்டே."

படிவத்தில் பிறந்த வருடத்துக்கு '19' என்று அச்சடித்து, பக்கத்தில் இரண்டு கட்டம் விட்டிருந்தார்கள். லாவண்யா அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் ஏற்றி, புரோகிராமில் எல்லாவற்றுக்கும் முன்னால் 19 சேர்த்திருந்தாள்.

"இது என்னடி? எல்லாருக்கும் பத்தொம்போதா?"

"கெழவங்கதானே வராங்க."

"இந்த வருஷம் பொறந்த கொழந்தை வந்தா? நூறு வயசு போட்டு மொத ஆளா நிக்க வெக்குமே உன் புரோகிராம்."

ஸ்ரீகண்டன் கையைத் தட்டினார். "சரிதான், ஹௌது! குழந்தைக்கும் புரை வரும். போன மாசம்கூட ஒண்ணு வந்தது. படிவத்துல பத்தொம்போதை அடிச்சிட்டு எழுதினோம். பாரு, நோடு லாவண்யா, இதுக்குத்தான் கத்துக்கிட்டவங்க வேணும்ங்கறது."

அந்த ஒரு வார்த்தை கிருத்திகாவின் உச்சந்தலைக்கு ஏறியது. ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக ஓடின. இரண்டு இலக்கம் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் முன்னால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் இருந்தால் 19. கம்பெனியில் பாலிசித் தேதிகளுக்கு நூறு தடவை எழுதிய கணக்கு. யோசிக்க வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றியது. கம்பெனி வழக்கப்படியே, தான் மாற்றிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தன் முதலெழுத்தையும் தேதியையும் போட்டாள். ஜி.கே. யார் கையை வைத்தார்கள் என்று பின்னால் தெரிய வேண்டுமே, அதற்காக.

அன்று பேக்கரியிலிருந்து சூடாகத் தேங்காய் பன் வந்தது. மூன்று பேரும் படிவப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தேவாலய மணி அடித்தது; எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி தலையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடத்திலேயே கிருத்திகா தன்னுடையது என்று சொல்ல அந்த ஒரு ஞாயிறுதான் இருந்தது. 'கார்டு அடிக்கும்போது இதில் என் பங்கும் இருக்கிறது' என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, முகம் தெரியாத நாற்பது பேர் கட்டவிழ்ந்து அவளைப் பார்ப்பதைக் கற்பனை செய்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் இணைப்பில் லாவண்யாவின் படம் வந்தது. பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்த இளம்பெண். அரைப்பக்கம். 'வரிசையைத் தீர்மானிக்கும் புரோகிராம் முழுவதும் இவர் எழுதியது.' லாவண்யா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் பேரையும் சொன்னேன்டி! அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு விட்டுட்டா. சத்தியமா சொன்னேன்."

"அதனால என்ன. விடு."

முனிராஜ் வீட்டம்மா படத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்து லாவண்யாவுக்குத் திருஷ்டி கழித்தார். பக்கத்தில் நின்ற கிருத்திகாவிடம், "நீயும் இந்த மாதிரி ஏதாவது செய்யம்மா" என்றார். பத்திரிகைத் துண்டை லாவண்யா கத்தரித்து, வேறு இடம் கிடைக்காதது போல, கிருத்திகாவின் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வைத்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் லாவண்யா சிரித்தாள். தயிர் எடுக்கும்போதும்.

அடுத்த வாரம் ஆபீஸில் மீட்டிங். மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாருங்கய்யா. முப்பத்தொண்ணுல பொறந்த ஒரு பெரியவரு. நம்ம புண்ணியத்துல அவர் இன்னும் பொறக்கவே இல்ல. ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணுலதான் பொறப்பாராம்! பாலிசித் தேதிக்குப் போடுற ஐம்பது கணக்கை எந்த மகராசன் பொறந்த தேதிக்குப் போட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்ட தவறு, அதனால் சிரிக்க முடிந்தது. அந்த வரியின் ஓரத்தில் இருந்த முதலெழுத்து வேறு யாருடையதோ. கிருத்திகாவும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள்.

ஆஸ்டின் டவுன்.

முப்பத்திரண்டில் பிறந்த பாட்டி, இருபத்தெட்டில் பிறந்த தாத்தா, எல்லோருக்கும் அவள் 20 சேர்த்திருக்கிறாள். ஒருத்தரும் இன்னும் பிறக்கவில்லை. வயதே கிடையாது, கைக்குழந்தைக்கும் பின்னால் நிற்பார்கள். ஐம்பதுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் முதலில் கார்டு போகும். மொத்தமும் தலைகீழ். அச்சடிக்கும் பட்டியலில் வரிசை எண்ணும் பெயரும் ஊரும்தான், வயது இருக்காது. பார்த்தால் யாருக்கும் தெரியாது.

உடனே எழுந்து போன் பண்ணியிருக்க வேண்டும். எழுந்தாள்கூட. போன் இருந்த மூலையில் ஒருத்தன் பேசிக்கொண்டிருந்தான். சரி, சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தாள். ஒரு வரிதான். மாற்றப் பத்து நிமிடம் ஆகாது.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது லாவண்யா போனில் இருந்தாள். கிருத்திகாவின் போன். ஏதோ கல்லூரியில் வந்து பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் போலிருந்தது. "நானா? நான் என்னங்க பெருசா பண்ணிட்டேன்" என்று லாவண்யா காதுவரை சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவிலும் அவளே சிரித்தாள். கிருத்திகா செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றாள். ஒரு செருப்பைக் கழற்ற இவ்வளவு நேரம் ஆகுமா என்று அவளுக்கே தோன்றியது.

'முழுவதும் இவர் எழுதியது' என்றுதானே போட்டிருக்கிறது. முழுவதும் அவளுடையதாகவே இருக்கட்டும். கொஞ்சம் தடுமாறட்டும். பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்ரீகண்டன் ஒரு சத்தம் போடுவார், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. சொல்லாத ஒவ்வொரு நாளும், 'நேத்தே ஏன் சொல்லல' என்ற கேள்வி ஒரு பிடி கனத்தது. இரண்டாவது வாரத்தில் அது தூக்க முடியாத கனமாகிவிட்டது. அம்மா ஊறுகாய் அனுப்பியிருந்தாள். அதைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லாவண்யா சொன்னாள்:

"ஸ்ரீகண்டன் சார் ஒரே ஜோக்குடி. 'என்னம்மா இது, வார்டுல கெழவங்களையே காணோம், எல்லாம் மீசை கறுப்பா இருக்கற பசங்களா வராங்க? பெங்களூர்ல முதியோர் ஸ்டாக் முடிஞ்சுதா'ங்கறாரு."

கிருத்திகாவின் கை தட்டில் நின்றது. இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல நேரம் வராது.

"நீ என்ன சொன்ன?"

"வெயில் காலம், கெழவங்க வெளிய வர மாட்டாங்க சார்னேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

கிருத்திகா ரசம் ஊற்றினாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்று அபூர்வமாகக் கம்பெனிக்கு விடுமுறை, மத்தியானம் கிருத்திகா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழக்கமாக இருட்டும்போது வருகிற லாவண்யா மூன்று மணிக்கே வந்தாள். உள்ளே போகாமல் மாடிப்படியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"மரகதம்னு ஒரு அம்மா" என்றாள் லாவண்யா. "பொம்மனஹள்ளி. முப்பத்திரண்டுல பொறந்தவங்க. பிப்ரவரி கேம்ப்ல பேர் குடுத்துட்டு கார்டுக்காகக் காத்துட்டே இருந்திருக்காங்க. அவங்க மருமகளும் பேர் குடுத்துது, நாப்பத்தஞ்சு வயசு. அதுக்கு வந்துடுச்சு. இவங்களுக்கு வரல. 'உனக்கு முன்னாடி எனக்குத்தானே வரணும்'னு தெனம் தபால்காரரைக் கேப்பாங்களாம். போன வாரம் தபால்காரர் குரல் கேட்டுப் படியிறங்கினாங்க. கால் வெச்ச எடத்துல படி இல்ல."

ஈரத் துண்டு கிருத்திகாவின் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இடுப்பு எலும்பு. இனி நடக்கறது கஷ்டம்ங்கறாங்க. அவங்க பையன் இன்னிக்குக் காலைல வந்தாரு. ஒரு வார்த்தை கத்தலடி. கத்தியிருந்தா பரவால்ல. கேம்ப் சீட்டை எடுத்து டேபிள்ல வெச்சு, 'எங்கம்மா பேரு எங்க இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா'ன்னாரு. தேடினேன். கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. அந்தப் பக்கம் பூரா அவங்க வயசுக்காரங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும்."

கீழே முனிராஜ் வீட்டில் குக்கர் விசிலடித்தது. லாவண்யா அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"அப்புறம் புரோகிராமைத் தொறந்து பாத்தேன். அந்த ஐம்பது கணக்கு. ஓரத்துல ஜி.கே."

இதோ வந்துவிட்டது என்று கிருத்திகா நினைத்தாள். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. கேட்கட்டும், திட்டட்டும், கையிலிருப்பதைத் தூக்கி எறியட்டும்.

"ஸ்ரீகண்டன் சார் வந்து நின்னப்ப, நான் எழுதினதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடியே அந்த எழுத்தையெல்லாம் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"ஏனா? வாரத்துக்கு ஒரே நாள் லீவு, அதையும் விட்டுட்டு எனக்காக வந்து செஞ்சு குடுத்த. உனக்கு எப்படிடி தெரியும், இப்படி ஆகும்னு? நான்தான் ஒரு வாட்டி சரி பாத்திருக்கணும். தெனம் அங்கயே உக்காந்திருக்கிறவ நான்."

லாவண்யா பையை மடியில் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க. முன்பின் பார்த்திராத ஒரு பொம்மனஹள்ளிக் கிழவிக்காக இப்படி அழ அவளால் முடிந்தது. கிருத்திகா பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள். தனக்கும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு. சீ, இப்போதுமா என்று அவளே கூசிப்போனாள். அந்த அழுகையும் லாவண்யாவுக்குத்தான் வாய்த்திருந்தது. தவறு செய்தவள் இவள், அதைத் தெரிந்துகொண்டு ஒரு மாதம் வாயை மூடியிருந்தவள் இவள். அந்தத் துக்கத்திலும் ஓரத்தில் இவள் பெயரை அழித்தாயிற்று.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது.

லாவண்யா துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள். அது கிருத்திகாவின் துப்பட்டாதான். தீய்ந்த முக்கோணம் போட்ட இளநீலம். தூக்கிப் போட்டதை எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"வரிசையைச் சரி பண்ணிட்டு வந்துட்டேன். திங்கள்ல இருந்து வயசானவங்களுக்கு ஒழுங்கா கார்டு போகும். நான் இனிமே அங்க போக மாட்டேன்டி."

"என்னடி பேசற? ஸ்ரீகண்டன் சார் போகச் சொன்னாரா?"

"இல்ல. 'தப்பு எல்லாருக்கும் வரும், நாளைக்கு வா'ன்னுதான் சொன்னாரு. என்னால முடியல. இனி ஒவ்வொரு பேரு அடிக்கும்போதும் அந்தம்மா பேருதான் கண்ணுல நிக்கும். இந்த வேலையில தப்பு பண்ணா ஒருத்தர் படியில விழறாங்க. உங்க கம்பெனியில தப்பு பண்ணா எங்கயோ ஒரு காகிதம் மாறிப்போகும், மீட்டிங்ல சிரிச்சுட்டுத் திருத்திக்குவீங்க. உன்னைப் பாத்து எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? சாயங்காலம் வந்தா வேலையை அங்கயே வெச்சுட்டு வர. நிம்மதியாத் தூங்கற."

நிம்மதியாக.

"உங்க டீம்ல ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னியே." லாவண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. "திங்கட்கெழம உங்க வெங்கடசுப்ரமணியன் சார்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றியா? பழைய ஆளுதான், நம்பலாம், இனிமே கவனமா செய்வான்னு. நீ சொன்னா எடுத்துப்பாரு. எனக்காக இது ஒண்ணு மட்டும் சொல்லுடி, சொல்றியா?"